ஆட்டுத்தோல் ஐயர்

மலேசியாவின் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் அந்தக் காலத்துப் பெரட்டு, அதாவது வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது, விடிவதற்கு முன்பே நடந்துவிடும். உளியும் வாளியுமாக இருட்டில் வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்துக் கிராணியார் செக்ரோல் என்கிற பெயரேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டிகள் இருப்பது அதிசயமில்லை. ‘முனியாண்டி’ என்றால் மூன்று பேரும் ‘ஐயா’ என்பார்கள். தண்டல் குறுக்கே வந்து பிரித்துக் கொடுப்பார்: நெட்டை முனியாண்டி, பட்டறை முனியாண்டி, மேட்டு லயத்து முனியாண்டி. நாலாவதாக ஒருவர் வந்து சேர்ந்தால், ‘நம்ம மாரிமுத்து மகன் முனியாண்டி’. ஆள் தெரிந்துவிட்டது, காட்டுக்குப் போகலாம்.

இந்த நாலு முனியாண்டிகளுக்குள்ளே ஜெர்மானியக் குடும்பப் பெயர்களின் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் கொலோன் போன்ற ஜெர்மன் நகரங்கள் பெருத்தபோது அங்கேயும் இதே தொல்லைதான். தெருவுக்குப் பத்து ஹைன்ரிக், பத்து யோஹன். வரி வாங்குகிறவனுக்கு யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று தெரியவில்லை. ஆகவே தோற்றத்தைச் சொன்னார்கள், தொழிலைச் சொன்னார்கள், இருப்பிடத்தைச் சொன்னார்கள், தகப்பன் பேரைச் சொன்னார்கள். நெட்டை, பட்டறை, மேட்டு லயம், மாரிமுத்து மகன். உலகத்தில் எங்கே ஆளைப் பிரித்துச் சொல்ல வேண்டி வந்தாலும் மனிதனுக்குத் தோன்றுவது இந்த நாலுதான் போலும்.

நமக்கு இது பெரட்டுக் களத்தில் புதிதாக முளைத்த வழக்கமும் இல்லை. சங்கப் புலவர் பட்டியலைப் புரட்டுங்கள். தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று ஒருவர்: ஊர், தொழில், பெயர் மூன்றும் வரிசையாக வந்து நிற்கின்றன. உறையூர் மருத்துவன் தாமோதரனார் இன்னொருவர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் தகப்பன் வந்துவிட்டார். நரைமுடி நெட்டையார் என்றே ஒரு புலவர் உண்டு. அவருடைய சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை, தலைநரையும் உயரமும் வந்து சேர்ந்திருக்கின்றன. நம்முடைய நெட்டை முனியாண்டிக்கு முப்பாட்டன் அவர்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? எழுத்தில். கொலோனில் கூப்பிட்ட பெயர் வரிப்பதிவில் ஏறியது. பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகு கோயில் ஞானஸ்நான ஏட்டிலும் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. கொல்லனின் மகன் ரொட்டி சுட்டாலும் ‘ஷ்மிட்’, கொல்லன்தான். பேரன் வக்கீல் ஆனாலும் ஷ்மிட். இங்கே பெரட்டில் கூப்பிட்ட பெயர் தண்டலின் வாயோடு நின்றது. செக்ரோலில் ஏறியது முனியாண்டியும் அவர் தகப்பன் பெயரும்தான். பட்டறை முனியாண்டியின் மகனைப் பட்டறை என்று எவரும் கூப்பிடவில்லை. ஏட்டில் ஏறிய பட்டப்பெயர் குடும்பப் பெயர் ஆகும். வாயில் தங்கியது ஆளோடு போகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் மண்ணில் மூன்று நூற்றாண்டுகளாக நடமாடும் சில ஜெர்மன் பெயர்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கலாம். உருட்ட உருட்ட உள்ளே மணி குலுங்குகிற பெயர்கள் அவை.

முதலில் சீகன்பால்கு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக் கரையில் வந்து இறங்கியவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய லுத்தரன் போதகர். சிறு பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிக் கற்றவர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர். 1719இல் முப்பத்தாறு வயதில் அந்த ஊரிலேயே கண்ணை மூடியவர். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

ஜெர்மானியர் வாயில் அது ‘ட்ஸீகென்பல்க்’. ‘ட்ஸீகெ’ என்றால் வெள்ளாடு. ‘பல்க்’ என்றால் கிழிக்காமல் முழுதாக உரித்தெடுத்த விலங்குத் தோல். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ‘ன்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். அதற்குத் தனிப் பொருள் கிடையாது. இரண்டு சொல்லைச் சேர்த்துக் கட்டுகிற நார் அது. நம் இலக்கணக்காரர்கள் இதற்குச் சாரியை என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டின்தோல் என்று நாம் சொல்லும்போது நடுவில் வருகிற ‘இன்’ என்ன வேலை செய்கிறதோ அதே வேலையை அங்கே அந்த ‘ன்’ செய்கிறது. எழுத்தும் அதே எழுத்தாக வாய்த்தது தற்செயல். ஆனால் நல்ல தற்செயல்.

ஆட்டுத்தோல் என்பது தோல் பதனிடுகிறவர், தோல் விற்கிறவர் ஆகியோருக்கு ஒட்டுகிற வகைப் பட்டப்பெயர். ஆனால் ஸாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் ஊரில் இருந்த இவருடைய தகப்பனார் தானிய வியாபாரி. பெயர் உறைந்துபோனதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தானியம் அளக்கிறவரை ஊர் ஆட்டுத்தோல் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தோலைத் தொட்ட பாட்டன் எந்தத் தலைமுறையில் இருந்தான் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் வீட்டுப் பெயர் ப்ரூக்னர்: பாலத்தருகே குடியிருந்தவர் அல்லது பாலத்தைப் பார்த்துக்கொண்டவர். மனைவி மரியா டொரோத்தியாவின் வீட்டுப் பெயர் ஸால்ட்ஸ்மன்: உப்பு வணிகர். சங்கத் தமிழில் சொன்னால் உமணர். ஆக, பாலத்தடி வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்த ஆட்டுத்தோல், உமணர் வீட்டில் பெண் எடுத்தார் என்று அந்தக் குடும்பத்தின் கதையை லயத்து வாசலில் உட்கார்ந்து சொல்லலாம். கேட்கிறவருக்கு வேற்று நாட்டுக் கதை என்றே தோன்றாது.

‘பல்க்’ என்ற சொல்லிலேயே இன்னும் இரண்டு நயம் உண்டு. முழுதாக உரித்த தோலைத் தைத்து, ஒரு மூலையில் குழல் வைத்துக் கட்டினால் என்ன ஆகும்? கொல்லன் உலையில் காற்று ஊதுகிற துருத்தி ஆகும். ஜெர்மனிலும் துருத்திக்குப் பெயர் இந்த ‘பல்க்’கிலிருந்தே வருகிறது: ‘பிளாஸெபல்க்’, ஊதுகிற தோல். தமிழில் துருத்தி என்றால் உலைத் துருத்தியும்தான், தண்ணீர் சுமக்கிற தோற்பையும்தான். ஆற்றின் நடுவே உப்பி நிற்கிற மணல் திட்டுக்கும் அதே பெயர். திருப்பூந்துருத்தி அப்படி வந்த ஊர். குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. அந்தக் குத்தாலம் தரங்கம்பாடியிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. ஆட்டுத்தோல் என்ற பெயரோடு கடல் கடந்து வந்தவர், துருத்தி என்று பெயர் சுமந்த மண்ணுக்குப் பக்கத்தில் போய் இறங்கியிருக்கிறார்.

இரண்டாவது நயம் வீட்டுக்குள்ளே கிடைப்பது. அடங்காத பிள்ளையை ஜெர்மானியர் எரிச்சலில் ‘பல்க்’ என்பார்கள். தோல் என்று. நாம் ‘இது சரியான வால்’ என்போம். விலங்கின் உடம்பில் அவர்கள் தோலைப் பிடித்தார்கள், நாம் வாலைப் பிடித்தோம். பிள்ளை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இனி இந்தப் பெயரைத் தமிழ் எப்படி விழுங்கியது என்று பார்க்க வேண்டும். ‘ட்ஸ்’ என்று தொடங்க நம் சொல்லுக்கு உரிமை இல்லை. ஆகவே அது ‘சீ’ ஆயிற்று. வல்லின மெய்யில் முடிய நம் சொல்லுக்கு உரிமை இல்லை. ஆகவே கடைசி ‘க்’ ஒரு உகரத்தைக் கூட்டிக்கொண்டு ‘கு’ ஆயிற்று. ல் என்ற இடையின மெய்யை அடுத்து வந்து நிற்பதால் அது இடைத்தொடர்க் குற்றியலுகரம். சால்பு போல, பால்கு. ஸாக்சனியிலிருந்து வந்த ஒரு குடும்பப் பெயர் நன்னூல் மாணவன் கையில் கொடுத்தால் தயங்காமல் வகை சொல்லக்கூடிய சொல்லாகிவிட்டது.

நடுவில் நடந்தது இன்னும் அழகு. ‘கென்’ என்பது ‘கன்’ ஆகி, ‘சீகன்’ என்று முருகன், வேலன் வரிசையில் ஆண்பால் விகுதியோடு எழுந்து நின்றது. அது போதாதென்று பலர் சீகன் பால்கு என்று இடம் விட்டு எழுதத் தொடங்கினார்கள். பிரிக்க முடியாத ஒரு குடும்பப் பெயர் தமிழில் இரண்டு ஆள் பெயர்போல ஆயிற்று. வெறும் பெயராக வந்தவரைப் பெற்றவர் பெயரோடு நிறுத்திப் பார்க்கிற பழக்கம் நம் கண்ணுக்கு. குறில் ‘பல்க்’ நெடிலாக நீண்டு ‘பால்கு’ ஆனதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க்காரன் காதில் பால் என்று விழுந்தால் அவன் நினைப்பது மாட்டுப் பால் இல்லை, மரப்பால். பால் வெட்டி, பால் எடுத்து, பால் நிறுத்துக் கணக்குப் பார்த்துப் பிழைத்த கூட்டம் இது. ஜெர்மனியில் தோலாக இருந்த எழுத்துகள் தமிழுக்கு வந்து பாலாகிவிட்டன. ஆட்டிலிருந்து தோலை எடுப்பதைவிடப் பாலை எடுப்பது நல்லதென்று தமிழ் நினைத்ததோ என்னவோ.

அவருடைய முதற்பெயர் பர்த்தொலொமேயு. அதுவும் சும்மா இல்லை. அரமேய மொழியில் ‘பர்’ என்றால் மகன். பர்த்தொலொமேயு என்றால் தல்மாயின் மகன். எங்கள் அடையாளக் கார்டில் ‘ஏ/எல்’ என்று போட்டிருக்கிறதே, ‘அனாக் லெலாக்கி’, ஆண் பிள்ளை என்று, அதே அடையாளம் அவருடைய முதற்பெயரின் வயிற்றில் இரண்டாயிரம் ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. அவருடைய தகப்பனார் பெயரும் பர்த்தொலொமேயுதான். எங்கள் ஊர்ப் பதிவில் எழுதினால் ‘பர்த்தொலொமேயு ஏ/எல் பர்த்தொலொமேயு’ என்று வரும். தல்மாய் மகன் பெற்ற தல்மாய் மகன்.

சீகன்பால்கு மறைந்த 1719ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தவர் பெஞ்சமின் ஷூல்ட்ஸெ. முன்னவர் பாதியில் விட்ட பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தவர். பிறகு சென்னைக்குப் போனவர். ஷூல்ட்ஸெ என்பது ‘ஷூல்ட்ஹைஸ்’ என்ற பழஞ்சொல் தேய்ந்து வந்தது. ‘ஷூல்ட்’ என்றால் கடன், செலுத்த வேண்டியது. ‘ஹைஸ்’ என்றால் கட்டளையிடுகிறவன். ஊருக்குள் நின்று, ‘இன்னார் இவ்வளவு கட்ட வேண்டும்’ என்று சொல்லி வாங்குகிற தலைவன். நமக்கு இது தெரியாத ஆளா? தண்டுதல் என்றால் வரி வசூலித்தல். அதைச் செய்கிறவன் தண்டல். தமிழ்நாட்டில் அந்தச் சொல் கடன் வசூலோடு நின்றது. மலாயாவுக்கு வந்து, மலாய்க்காரர் வாயில் ‘தண்டில்’ என்றாகி, தோட்டத்தில் வேலை வாங்குகிற மேற்பார்வைக்காரரானது. கடன் கேட்கிற சொல்லிலிருந்து அதிகாரம் செய்கிற ஆள் பிறந்த வழி இரண்டு மொழியிலும் ஒன்றே. பெஞ்சமின் ஷூல்ட்ஸெயைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தினால் தண்டல் பெஞ்சமின்.

இதே கூட்டத்தில் இன்னொரு பெயரையும் சொல்லிவிட்டுப் போகலாம்: மையர். ஜெர்மனியில் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. நிலக்கிழாரின் பண்ணையை அவருக்காக நின்று நடத்துகிறவனுக்குப் பெயர். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்ற கங்காணிக்கு ஜெர்மன் கேட்டால் அதுதான். கங்காணி மகன் கங்காணி என்று இங்கே பெயர் நிலைக்கவில்லை. அங்கே ஊருக்கு ஊர் மையர். எழுதிய குமாஸ்தாவின் கைவாகுக்குத் தக்கபடி அதற்கு நாலைந்து எழுத்துக்கூட்டல், ஷ்மிட்டுக்கும் அப்படியே. இதில் நமக்கு என்ன ஆச்சரியம்? ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறப்புச் சான்றிதழான சூராவில் தகப்பன் பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிற வீடு தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. கருப்பையாவுக்கு ஒரு ‘பி’ போதுமா, இரண்டு வேண்டுமா என்பது அன்று மேசையில் உட்கார்ந்திருந்தவர் விருப்பம்.

கருப்பையா என்றதும் சுவார்ட்ஸ் ஐயர் நினைவுக்கு வருகிறார். 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்து, 1798இல் தஞ்சையில் காலமானவர். இளவரசராயிருந்த சரபோஜிக்கு ஆசானைப் போல நின்றவர். பின்னாளில் மன்னர் சரபோஜி, இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு அவருக்குப் பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். சாகக் கிடக்கிற ஐயரின் கையை மன்னர் பற்றியிருக்கிற சிற்பம். சுவார்ட்ஸ் என்றால் ஜெர்மனில் கருப்பு. தலைமயிர் கருத்த, அல்லது ஊராரைவிடச் சற்று நிறம் மங்கிய ஒரு பாட்டனுக்கு வைத்த பட்டம். தஞ்சாவூர் வெயிலில் நின்ற அந்த வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர் கருப்பன் என்பது அவரைக் கும்பிட்டுப் போனவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! நம் கருப்பையா நிறத்தால் வந்தவர் இல்லை, ஊர் காக்கும் கருப்பசாமியால் வந்தவர். சுவார்ட்ஸையும் ஷூல்ட்ஸெயையும் இணைக்கிற ஒரு கண்ணியும் உண்டு. ஜெர்மனியில் ஹாலே நகரில் சுவார்ட்ஸ் தமிழ் எழுத்தைக் கற்றது ஊர் திரும்பியிருந்த ஷூல்ட்ஸெயிடம். இருவரும் ஸோனென்பூர்க் என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள். தண்டல் சொல்லிக் கொடுக்க, கருப்பன் தமிழ் படித்தான். படித்த இடம் ஐரோப்பா.

அடுத்தவர் ஃபப்ரிசியுஸ். 1740இல் வந்து, சென்னை வேப்பேரியில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருந்து, 1791இல் இறந்தவர். இந்தப் பெயர் ஜெர்மன் இல்லை, லத்தீன். ‘ஃபாபர்’ என்றால் கொல்லன். ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டுப் படிப்பாளிகளுக்கு ஒரு மோகம் இருந்தது: வீட்டில் புழங்கிய ஜெர்மன் பெயரை லத்தீனிலோ கிரேக்கத்திலோ மொழிபெயர்த்து வைத்துக்கொள்வது. ஷ்மிட் என்கிற கொல்லர்கள் ஃபப்ரிசியுஸ் ஆனார்கள். லுத்தரின் தோழர் மெலாங்க்தன் வீட்டுப் பெயர் ஷ்வார்ட்ஸெர்ட், கரிசல்மண்; அதைக் கிரேக்கத்தில் சொன்னால் மெலாங்க்தன். நம் பக்கம் சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனதையும், சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனதையும் அறிந்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். பொருள் மாறாமல் உடுப்பு மாறுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. ஜெர்மானியர் தாய்மொழியைக் கழற்றிச் செம்மொழியை உடுத்தினார்கள். நம்மவர் வடமொழியைக் கழற்றித் தாய்மொழியை உடுத்தினார்கள். தாய்மொழியே செம்மொழியாகவும் இருந்தது நமக்கு வாய்த்த வசதி.

ஃபப்ரிசியுஸ் செய்து வைத்த பெரும்பணி 1779இல் வேப்பேரியில் அச்சான தமிழ்–ஆங்கில அகராதி. உடன் உழைத்தவர் பெயர் பிரைட்ஹௌப்ட். ‘பிரைட்’ அகலம், ‘ஹௌப்ட்’ தலை. பெருந்தலையர். புறநானூற்றுப் பெருந்தலைச் சாத்தனாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருக்கு அது ஊரால் வந்த பெயர் என்பாரும் உண்டு. கொல்லரும் பெருந்தலையரும் சேர்ந்து ஆக்கிய அகராதி என்று ஒரு நாட்டுப்புறக் கதைக்குத் தலைப்பு வைக்கலாம். சீகன்பால்கு முதல் தலைமுறையில் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துக் குறித்துவைத்தார். இவர்கள் பின்னால் வந்து அகராதியாக அடித்து நீட்டினார்கள். துருத்தி முதலில், கொல்லன் பிறகு. பெயர்கள் இந்த வரிசையில் வந்ததை யாரும் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது.

உலை என்றதும் விடுபடக் கூடாதவர் யோஹன் காட்லீப் ஆட்லர். 1713இல் அச்சு வேலைக்கென்று தரங்கம்பாடிக்கு வந்தவர். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்ததால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக் கொடுத்தவர். ஆட்லர் என்றால் கழுகு. பழைய ஜெர்மன் நகரங்களில் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. வாசலில் கழுகோ கரடியோ கேடயமோ தொங்கும், அந்த வீட்டுக்காரனுக்கு அதுவே பெயராகும். ஃபிராங்க்ஃபர்ட்டில் சிவப்புக் கேடயம் தொங்கிய வீட்டுக்காரர்கள்தான் ரோட்ஷில்ட் என்று உலகமறிந்த செல்வர்கள். மலாயாவுக்கு வட்டிக் கடை போட வந்த நகரத்தார் தம் கடைக்கு வைத்த விலாசம், அதாவது பாட்டன் முப்பாட்டன் தலைப்பெழுத்துகளைக் கோத்த அந்த நீண்ட சரம், தமிழரிடம் குடும்பப் பெயருக்கு மிக அருகில் வந்த ஒன்று. அதுவும் கணக்கேட்டில் ஏறியதால் நிலைத்தது.

ராட்லர் என்ற பெயரை வேறு காரணத்துக்காகச் சேர்க்கிறேன். யோஹன் பீட்டர் ராட்லர் 1776இல் வந்தவர். தமிழ் அகராதிக்காரர், தாவரவியலார். கனியின் மேல் படிந்த செந்தூளைத் தட்டியெடுத்துப் பட்டுக்குச் சாயம் ஏற்றுவார்களே, அந்தக் கபிலப்பொடி மரத்துக்கு ராக்ஸ்பரோ என்ற தாவரவியலார் ‘ராட்லெரா’ என்று இவர் பெயரை வைத்தார். பிள்ளைகளுக்குப் போகிற குடும்பப் பெயர் மரத்துக்குப் போயிற்று. அந்த மரம் ஆமணக்குக் குடும்பம். எங்கள் ரப்பர் மரமும் அதே குடும்பம். தூரத்துச் சொந்தம். பின்வந்த தாவரவியலார் அந்தப் பெயரை நீக்கி, மரத்தை ‘மல்லோட்டஸ்’ இனத்தில் சேர்த்துவிட்டார்கள். குடும்பப் பெயருக்கு மனிதரிடம் கிடைக்கிற நிலைபேறு மரத்திடம் கிடைக்கவில்லை.

இனி எங்கள் ஊர்ப் பெயருக்கு வரலாம். புக்கிட் என்றால் மலாயில் குன்று. பெலண்டோக் என்றால் சருகுமான். சருகுமான் குன்று. ஜெர்மனியில் ஹிர்ஷ்பெர்க் என்று ஊர்களும் உண்டு, குடும்பப் பெயரும் உண்டு: மான் மலை. ஆனால் கவனியுங்கள், ஹிர்ஷ்பெர்க்கிலேயே இருக்கிறவனை யாரும் ஹிர்ஷ்பெர்க் என்று கூப்பிட மாட்டார்கள். ஊரே ஹிர்ஷ்பெர்க் ஆயிற்றே, அதில் என்ன அடையாளம்? அவன் வேறு ஊருக்குப் போய்க் குடியேறிய பிறகே அந்தப் பெயர் அவனுக்கு விழும். ஊர்ப்பெயரைச் சுமக்கிற ஒவ்வொரு குடும்பமும் அந்த ஊரை விட்டு வந்த குடும்பம். நம்மிடமும் இதே சூட்சுமம் உறவுமுறையில் இருக்கிறது. பெலண்டோக்கில் இருக்கிறவரை அவர் வெறும் அத்தை. சிரம்பானில் வீடு வாங்கிப் போனதும் ‘சிரம்பான் அத்தை’. சிரம்பான் பிள்ளைகளுக்கு இங்கே இருக்கிறவர் ‘பெலண்டோக் பாட்டி’. பாட்டி போனால் பெயரும் போயிற்று.

எங்கள் வட்டாரத்திலிருந்து உலக ஏடுகளில் ஏறிய பெயர் ஒன்றுண்டு; அதைச் சொல்லும்போது நாக்கு கசக்கிறது. 1998, 1999இல் பன்றிப் பண்ணைகளிலிருந்து மனிதருக்குப் பரவிய மூளைக்காய்ச்சலுக்குக் காரணமான கிருமிக்கு, இந்தப் பக்கத்துச் சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரையே வைத்தார்கள். நீப்பா என்பது ஓடையோரத்தில் வளர்கிற பனை வகை. ஓலை வேய்ந்தால் குளிர்ச்சி. அந்தப் பனையின் பெயர் மருத்துவ நூலில் ஏறிவிட்டது. மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெலண்டோக்கில் ஊரே காலியானது. 2018இல் கேரளத்தில் அதே காய்ச்சல் வந்தபோது பெயர் மட்டும் எங்களுடையது. ஊர்ப்பெயரை நோய்க்கு வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் நெறிமுறை சொன்னது. ஏறியது ஏறியதுதான்.

விமானச் சீட்டு எடுக்கும்போதும் வெளிநாட்டுப் படிவம் நிரப்பும்போதும் எங்கள் பிள்ளைகள் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சிலர் தகப்பன் பெயரை எழுதுவார்கள்; அப்புறம் பயணம் முழுவதும் தகப்பன் பெயராலேயே கூப்பிடப்படுவார்கள். இதை ஒரு குறையாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டென்மார்க்கிலும் ஹான்ஸ் மகன் ஹான்சன், அவன் மகன் வேறொரு ‘சன்’ என்று தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டுதான் இருந்தது. 1828இல் அரசாணை போட்டு நிலைநிறுத்தினார்கள். அப்போது தரங்கம்பாடி இன்னும் டென்மார்க்கின் கையில் இருந்தது. அதை ஆங்கிலேயருக்கு விற்றது 1845இல். வடஜெர்மனியில் ஃபிரீசியர் இதே வழக்கத்தில் இருந்தார்கள். கிழக்கு ஃபிரீசியாவில் 1811இல் நெப்போலியன் ஆணையிட்டு நிறுத்தினார். ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் மகனுக்கு ‘சொன்’, மகளுக்கு ‘டோட்டிர்’ என்று தகப்பன் பெயரோடு சேர்த்து வைக்கிறார்கள். மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி என்று அதைச் சாய்கோடு போட்டு எழுதுவது எங்கள் வழக்கம், அவ்வளவுதான் பேதம்.

இதைவிடச் சுவையான செய்தி அண்மையில் வந்தது. 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் புதிய பெயர்ச் சட்டம், ஃபிரீசியர் தம் பிள்ளைகளுக்குத் தகப்பன் அல்லது தாயின் முதற்பெயரிலிருந்து பெயர் ஆக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. குடும்பப் பெயர் என்ற கல்லில் எல்லாவற்றையும் செதுக்கி வைத்த நாடு, ஒரு மூலையில் ‘மாரிமுத்து மகன் முனியாண்டி’க்குத் திரும்ப இடம் விட்டிருக்கிறது.

ஆட்டுத்தோலையும் கருப்பனையும் கொல்லனையும் நாம் இன்று ருசித்துப் பார்க்க முடிகிறதென்றால், எவனோ ஒரு குமாஸ்தா அவற்றை ஏட்டில் எழுதி வைத்ததுதான் காரணம். எங்கள் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான் என்கிற குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களம் இருந்த இடம் காட்டச் சொன்னால் காட்ட ஆள் குறைந்துகொண்டு வருகிறது. உங்கள் வீட்டில் எண்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். பெரட்டில் எந்தெந்த முனியாண்டியை எப்படி எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.